ஆவுடைப்பேரியில் கல் வரும் நேரம்

விஜயதசமி அன்று காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, ஆவுடைப்பேரிப் பேரூராட்சியின் விளையாட்டுத் திடலில், முப்பிடாதியின் கையிலிருந்த புல்வெட்டும் இயந்திரம் தெறிக்கவிட்ட கல், புளியங்கொட்டை அளவே இருந்த கருங்கல், முறைப்படி இருபதடி தள்ளி விழுந்து கிடக்க வேண்டிய கல், விழவில்லை. அது முப்பிடாதியின் இடது புருவத்திலிருந்து மூன்று மயிர்களை மட்டும் எடுத்துக்கொண்டு மேலத்தெருவுக்குள் நுழைந்தது. தையற்கடையைக் கடந்தது, பேருந்து நிறுத்தத்தைக் கடந்தது, நடுநிலைப் பள்ளியின் வாசலைக் கடந்தது, கீழைக்குளத்துக்கு மேலாகப் பறந்து கண்ணுக்கு மறைந்தது. சரியாக ஒரு மணி நேரம் கழித்து, பதினொன்று பன்னிரண்டுக்கு, மேற்கேயிருந்து அதே உயரத்தில் அதே வேகத்தில் அதே வழியில் திரும்பி வந்தது. அதன்பின் ஒவ்வொரு மணிக்கும் பன்னிரண்டாவது நிமிடத்தில் வந்தது. இடைப்பட்ட நேரத்தில் அது பக்கத்து ஊரான நல்லான்விளையைச் சுற்றிவிட்டு வருகிறது என்று சிலர் சொன்னார்கள். அப்படி எந்தக் கல்லும் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று நல்லான்விளைக்காரர்கள் மனக்குறையோடு மறுத்தார்கள்.

முப்பிடாதிக்கு நாற்பத்தொரு வயது. பேரூராட்சியின் துப்புரவுப் பணியாளர். புல்வெட்டும் இயந்திரம் ஊருக்கு வந்தபோது அதைப் பழகிக்கொள்ள மூன்று நாள் பயிற்சிக்குப் பதினொரு பேரை அனுப்பினார்கள். பத்துப் பேர் மதியச் சாப்பாட்டின் சுவையை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள், முப்பிடாதி ஒருத்திதான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு திரும்பினாள். இயந்திரம் அவளிடம் வந்தது. வெட்டப்போகும் இடத்தை முதலில் இரண்டு முறை நடந்து பார்ப்பாள். கல், கம்பித்துண்டு, உடைந்த சீசா என்று கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிச் சாக்கில் போடுவாள். பிறகு முழங்கால்வரை காலணி, தடித்த முன்கவசம், காதுக்கு அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. சுழலும் தகட்டின் மேல் இருக்கும் தடுப்பின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். கடைசியாகச் சுற்றிலும் ஐம்பதடிக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவாள். கோட்டுக்குள் ஆடு வந்தாலும் இயந்திரம் நிற்கும், ஆள் வந்தாலும் நிற்கும்.

"என்னட்டி, புல்லு வெட்டப் போறியா, படையெடுத்துப் போறியா?" என்று தெருவில் பெண்கள் கேட்பார்கள்.

"கண்ணு ரெண்டுதானே மதினி இருக்கு. மூணு இருந்தா ஒண்ணை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்து வெட்டுவேன்" என்பாள் அவள், கண்ணாடியின் வாரை இறுக்கிக்கொண்டே.

அப்படிப்பட்டவள் கையில் அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்றால், ஆவுடைப்பேரிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூசையன்று ஒரு பொருளுக்கு வைத்த சந்தனப் பொட்டை அந்த ஊரில் யாரும் கையால் துடைக்க மாட்டார்கள். அது தானாகக் காய்ந்து தானாக உதிர வேண்டும். இதனால் பேரூராட்சி அலுவலகத்துக் கடிகாரத்தில் ஆறு என்ற எண் ஐப்பசி முழுவதும் கண்ணுக்குத் தெரியாது. அந்த ஆண்டு, பேரூராட்சித் தலைவர் பூலுடையார், யாருக்கும் எதற்கும் தலை வணங்கியதில்லை என்ற பெயரை முப்பது ஆண்டுகளாகக் காப்பாற்றி வருபவர், எல்லாப் பொருளுக்கும் தம் கையாலேயே பொட்டு வைப்பேன் என்று கிளம்பினார். புல்வெட்டும் இயந்திரத்தின் தகடு தடுப்புக்குள் மறைந்திருந்தது. சாமிக்கு முகம் தெரிய வேண்டாமா என்று தடுப்பைக் கழற்றச் சொல்லிப் பூசை மாடத்தில் வைத்தார். பிறகு கண்ணாடியை எடுத்து, அதன் இரண்டு வில்லைகளிலும் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பினார்.

"என்ன அண்ணாச்சி, கண்ணாடியில போயிப் பொட்டு வச்சிருக்கீய?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"வருஷம் முழுக்க நீதானட்டி சொல்லுதே, மிஷினைவிடக் கண்ணாடிதான் முக்கியம்னு. அதான் ரெட்டைப் பொட்டா வச்சேன்."

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் முடிவதற்குள் எல்லாக் கருவியையும் ஒரு முறை தொட்டு இயக்கிவிட வேண்டும். திடலில் ஊரே திரண்டு நின்றது. கண்ணாடி வழியாகச் சந்தனம்தான் தெரிந்தது. தடுப்பு மாடத்தில் இருந்தது. பூசை மாடத்தில் வைத்ததை மூன்றாம் நாளுக்கு முன் எடுக்கலாகாது.

"நாலே வீச்சு, முப்பிடாதி. பத்தேகாலோட நேரம் முடியுது" என்றார் பூலுடையார்.

"கல்லு பொறுக்கல அண்ணாச்சி. தடுப்பு இல்ல, கண்ணாடி இல்ல. இவ்வளவு பேரும் காலடியில நிக்கிய."

"நாலு வீச்சுக்கு நாப்பது சாக்கு சொல்லுதா பாருங்கவே!"

ஊர் சிரித்தது. முப்பிடாதி எத்தனையோ கேலிகளைக் காது கொடுக்காமல் கடந்தவள். ஆனால் ஊர் முழுவதும் ஒரே வாயாகச் சிரித்த சிரிப்பை அவள் அதுவரை கேட்டதில்லை. அந்தச் சிரிப்பை நிறுத்துவதற்காகத்தான் கயிற்றை இழுத்தாள். முதல் வீச்சில் புல் விழுந்தது, இரண்டாம் வீச்சில் புல் விழுந்தது, மூன்றாம் வீச்சில் புல் விழுந்தது, நான்காம் வீச்சில் 'ணங்' என்றது.

முதல் நாள் கல் செய்த சேதம் ஒன்றே ஒன்றுதான். பால்காரர் செண்பகராமன் தோளில் தூக்கி வைத்திருந்த எவர்சில்வர் தூக்குவாளியில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறிற்று. இரண்டு துளைகளும் அச்சில் வார்த்ததுபோல் வட்டமாக இருந்தன. அதைப் பார்த்த பிறகு ஊருக்குப் புரிந்தது. இரும்புக் கதவை நிறுத்திப் பார்த்தார்கள், துளைத்தது. மணல் மூட்டையை அடுக்கிப் பார்த்தார்கள், துளைத்தது. எதுவும் அதைத் தடுக்கவில்லை என்றானபின், மழைக்காலத்துக்கு வழிவிடுவதுபோல் அதற்கும் வழிவிடப் பழகிக்கொண்டார்கள். மணிக்குப் பத்து நிமிடமானதும் பேரூராட்சிச் சங்கு ஊதியது. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் தலை குனிந்தார்கள். கல் வந்தது, கல் போயிற்று. தலை நிமிர்ந்து, விட்ட பேச்சை விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார்கள். இரவில் அது வந்ததா என்று எவரும் ஆராயவில்லை. படுத்துக் கிடப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

தையற்காரர் காந்திமதிநாதன் தம் கடையின் இரு சுவர்களிலும் துளையிட்டு, நடுவே ஒரு தகரக் குழாயைப் பொருத்தினார். கல் ஒரு பக்கம் நுழைந்து விசிலடித்துக்கொண்டு மறுபக்கம் போயிற்று, அவர் நிம்மதியாக நின்றபடியே அளவெடுத்தார். பேருந்து நடத்துநர்கள் ஊர் எல்லையில் நிறுத்தி, "கல்லு போவட்டும், பெறவு போவோம்" என்று வெற்றிலை போட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டுச் சட்டென்று குனியத் தெரியுமா என்று கேட்டார்கள். நாலடி எட்டு அங்குலம் இருந்ததால் முப்பத்தாறு வயதுவரை பெண் கிடைக்காமல் இருந்த மாவு ஆலை ஆறுமுகநயினாருக்கு ஒரே மாதத்தில் ஏழு ஜாதகங்கள் வந்தன. பதினாறு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு நாள் வாசலில் நேருக்கு நேர் நின்று ஒரே நேரத்தில் குனிந்துவிட்டார்கள். முதலில் வணங்கியவன் நீதான், இல்லை நீதான் என்று அன்று தொடங்கிய வாக்குவாதத்தில் அவர்கள் மறுபடியும் பேசத் தொடங்கினார்கள்.

செயல் அலுவலர் கோமதிசங்கர், எதையும் கோப்பில் எழுதாமல் உறங்காதவர், மாவட்டத்துக்கு முறைப்படி அறிக்கை அனுப்பினார். கல் என்றால் கனிமம், பறக்கிறது என்றால் விமானம், இது எந்தத் துறையைச் சார்ந்தது என்று தெளிவுபடுத்துமாறு பதில் வந்தது. தெளிவுபடுத்தி எழுதினார். அது தரையிறங்கிய பின் தெரிவிக்குமாறு மறுபதில் வந்தது.

பூலுடையாருக்குத்தான் சிக்கல். குனிய முடியாது, முப்பது ஆண்டுப் பெயர் போய்விடும். ஆகவே அவர் உட்கார்ந்தார். அலுவலக ஊழியர் மந்திரமூர்த்தி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு அவர் பின்னாலேயே நடந்தார். சங்கு ஊதியதும் தலைவர் நின்ற இடத்தில் நாற்காலி விரிந்தது. ஊரெல்லாம் குனிந்திருக்க அவர் மட்டும் நிமிர்ந்து அமர்ந்து மீசையைத் தடவினார். ஊரார் தமக்கு வணக்கம் செலுத்துவதாகவே நாளடைவில் அவருக்குத் தோன்றிவிட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

ஊர் இப்படிச் சுகப்பட்டுக்கொண்டிருந்தபோது முப்பிடாதி மட்டும் அளந்துகொண்டிருந்தாள். கல் புறப்பட்ட அன்று அவள் கண்ணின் உயரத்தில், நாலடி ஒன்பது அங்குலத்தில் பறந்தது. கார்த்திகையில் நாலடி எட்டு. மார்கழியில் நாலடி ஏழு. மாதத்துக்கு ஓர் அங்குலம் அது இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுச் சுவரில் கல்லுக்கு ஒரு கரிக்கோடு போட்டாள். அதற்குக் கீழே இன்னொரு கோடு ஏற்கெனவே இருந்தது. அது ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் உலகேஸ்வரியின் உயரம், நாலடி இரண்டு. மேல்கோடு இறங்கி வந்தது, கீழ்க்கோடு ஏறி வந்தது. இரண்டும் சித்திரையில் சந்திக்கும் என்று கணக்குச் சொல்லிற்று. கல் போகும் வழியில்தான் பள்ளிக்கூட வாசல் இருந்தது.

"குனிஞ்சுக்கிடலாம்லா அம்மா? நீங்கள்லாம் குனியியள்ல?" என்றாள் உலகேஸ்வரி.

"நாங்க சங்கு ஊதினாக் குனிவோம். நீங்க சங்கு ஊதினா ஓடுவிய. மணியடிச்சா ஓடுவிய. பேரு சொல்லிக் கூப்பிட்டா ஓடுவிய. உன் வகுப்புல அம்பத்திரண்டு பேரு இருக்கிய. ஒருத்தி மறந்தாப் போதும்" என்றாள் முப்பிடாதி. பால் தூக்குவாளியின் இரண்டு வட்டங்கள் அவள் கண்ணை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு உலகேஸ்வரி ஒரு வாரம் பால் குடிக்க மறுத்தாள், வளர்ந்துவிடக் கூடாதென்று. தோளைச் சுருக்கிக்கொண்டு நடந்தாள். அந்த நடையைக் காணும்போதெல்லாம் முப்பிடாதிக்குக் கயிற்றை இழுத்த கை வலித்தது.

அவள் அலுவலகத்துக்குப் போனாள்.

"கல்லு எறங்குது அண்ணாச்சி. மிஷினைக் குடுங்க, நான் நிறுத்துதேன்."

இயந்திரம் அன்றிலிருந்து பூசை அறையில் பூட்டிக் கிடந்தது. கல்லைப் பெற்ற இயந்திரம் என்று அதற்கு நாள்தோறும் பூ வைத்தார்கள். கண்ணாடியும் தடுப்பும் பக்கத்திலேயே மாடத்தில் இருந்தன. திடலில் புல் இடுப்புயரம் வளர்ந்துவிட்டது.

"எப்படி நிறுத்துவே?"

"அன்னைக்கு அது வந்து முட்ட வேண்டிய எடத்துல கண்ணாடி இல்ல. முட்ட எடமில்லாமத்தான் சுத்துது. அதே எடத்துல, அதே நேரத்துக்கு, எல்லாம் முறைப்படி வச்சுக்கிட்டு வெட்டணும். கண்ணாடிக்கு வந்துரும்."

"இரும்புக் கதவைத் துளைச்ச கல்லு ஒன் கண்ணாடிக்கு நிக்குமா? போ, ஏட்டி. ஊருக்குன்னு இருக்கிறது இந்த ஒரு கல்லு. பங்குனி உத்திரத்துக்குக் கல்லு பாக்க வாங்கன்னு சுவரொட்டியே அடிச்சாச்சு. கல்லு எறங்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் தினமும் பாக்கேன்லா."

அவர் தினமும் பார்த்தது உண்மைதான். ஆனால் தை மாதத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தபோது கல் அவர் தலைப்பாகையின் முனையை வகிர்ந்துகொண்டு போயிற்று. அன்றிலிருந்து மந்திரமூர்த்தி நாற்காலிக்குப் பதிலாக முக்காலி தூக்கினார். மாசியில் மனைப்பலகை தூக்கினார். பங்குனியில் ஒரு கோரைப்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். தலை குனிந்த ஊர் இடுப்பை வளைத்து, இடுப்பை வளைத்த ஊர் இப்போது குத்தவைத்தது. ஆயினும் கல் இறங்குகிறது என்று வாய்விட்டுச் சொல்ல எவருக்கும் மனமில்லை, ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் வந்து வேடிக்கை பார்க்கும் ஒரே ஊராக ஆவுடைப்பேரி ஆகியிருந்தது.

முப்பிடாதி தலைவரையும் செயல் அலுவலரையும் தையற்கடைக்கு அழைத்துப் போனாள். சுவரில் களிமண் வைத்து அடைத்த துளைகள் ஐந்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொத்தான் வரிசைபோல் இருந்தன. ஆறாவதில் குழாய் இருந்தது.

"மாசத்துக்கு ஒரு தடவை குழாயை எறக்குதேன் தலைவரே. இப்ப என் நெஞ்சுக்கு மேல கொஞ்சம்தான்" என்றார் காந்திமதிநாதன்.

செயல் அலுவலர் துளைகளை எண்ணிக் குறித்துக்கொண்டார்.

"சுவரு ஒசந்திருக்கும்வே" என்றார் பூலுடையார்.

அப்போது சங்கு ஊதியது. மந்திரமூர்த்தி பாயை விரித்தார். தலைவர் நிமிர்ந்த நெஞ்சோடு பாயில் அமர்ந்தார். கல் குழாய்க்குள் விசிலடித்தது, போயிற்று. எல்லோரும் எழுந்தார்கள்; தலைவர் எழவில்லை. மந்திரமூர்த்தி கை கொடுத்தார், எழவில்லை. பிறகு தலைவர், அருகில் யாரும் கேட்காத தாழ்ந்த குரலில், முப்பிடாதியைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டு முட்டியும் போச்சு, தாயி. ஒரு நாளைக்குப் பதிமூணு தடவை உக்காந்து எந்திக்கேன். நேத்து நானும் அவனும் சேந்து விழுந்தோம்."

முப்பிடாதி குனிந்து அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். "குனிஞ்சா ஒரு நொடி அண்ணாச்சி. குனியாம இருக்கத்தான் இம்புட்டுப் பாடு."

"ஒன்கிட்ட யாரு கேட்டா? மிஷினை எடுத்துக்கோ. ஆனாக் கல்லு நின்னுதுன்னா நான் நிறுத்தச் சொன்னேன்னு இருக்கணும்."

"நல்லா இருக்கட்டும். ஆனா அந்தப் பொட்டு?"

பூசை அறையில் எல்லோரும் கண்ணாடியைச் சுற்றி நின்றார்கள். ஆறு மாதமாகியும் பொட்டு உதிரவில்லை. தானாக உதிரட்டும் என்றார் மந்திரமூர்த்தி. இப்படிப் பொட்டைத் துடைத்ததற்கு முன்மாதிரி ஏதும் கோப்பில் இல்லை என்றார் செயல் அலுவலர். முப்பிடாதி கண்ணாடியை எடுத்துத் தலைவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க வச்சது. நீங்களே தொடைங்க. சாமி கோவிச்சுக்கிட்டா ஒங்க முட்டியக் கேட்டுப் பாக்கட்டும்."

பூலுடையார் மேல்துண்டின் முனையில் தண்ணீர் தொட்டு, ஒரு வில்லையைத் துடைத்தார், மறு வில்லையைத் துடைத்தார். துடைத்து முடித்துத் தம் கண்ணருகே பிடித்து அவளைப் பார்த்தார். "நல்லாத் தெரியுதே, ஏட்டி" என்றார், ஏதோ அதில் வியப்பு இருப்பதுபோல.

கல்லுக்கும் உலகேஸ்வரியின் உச்சந்தலைக்கும் நடுவே அப்போது அரை அங்குலம் இருந்தது.

மூன்று நாள் ஊரே திடலில் கல் பொறுக்கிற்று. முப்பிடாதி எல்லோரையும் ஒரு முழ இடைவெளியில் வரிசையாக நிறுத்தி, புல்லை விலக்கி விலக்கிக் கிழக்கிலிருந்து மேற்காக நடக்கவிட்டாள், பிறகு வடக்கிலிருந்து தெற்காக நடக்கவிட்டாள். நாற்பத்திரண்டு சாக்குக் கல் வந்தது. சைக்கிள் சங்கிலி வந்தது, சோடா மூடிகள் வந்தன, தோற்றுப்போன கட்சியின் சின்னங்கள் வந்தன, ஒரு பொய்ப்பல் வரிசை வந்தது. அந்தப் பல் தன்னுடையது அல்லவென்று மூன்று பேர் கேட்காமலேயே மறுத்தார்கள். நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு அவள் காலணி அணிந்தாள், முன்கவசம் கட்டினாள், தடுப்பைப் பொருத்தித் திருகுகளைத் தொட்டுப் பார்த்தாள், தோள்வாரை மாட்டி இடுப்பில் இறுக்கினாள், கண்ணாடியை அணிந்தாள், ஐம்பதடிக்குக் கோடு போட்டாள்.

இயந்திரத்தைவிட, கல்லைவிட, ஆவுடைப்பேரியைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. வேலை நடக்கும் இடத்தில் போய் நின்று யோசனை சொல்லாவிட்டால் அந்த ஊராருக்குச் சோறு இறங்காது. கயிற்றை இழுத்தாள், ஆறுமுகநயினார் தம் புது மனைவிக்கு நன்றாகத் தெரிய வேண்டுமென்று இரண்டு எட்டு உள்ளே வந்தார், இயந்திரத்தை அணைத்தாள்.

"நான் குள்ளம் மதினி, முன்னால நின்னாத்தான் தெரியும்."

"வெளியே."

மறுபடி இழுத்தாள், கொஞ்சம் சரித்துப் பிடி என்று சொல்ல ஒருவர் வந்தார், அணைத்தாள். இழுத்தாள், சொல்ல வந்தவரைத் தடுக்க இன்னொருவர் வந்தார், அணைத்தாள். இழுத்தாள், கோட்டை யாரும் தாண்டாமல் பார்த்துக்கொள்வதற்காகச் செயல் அலுவலரே கோட்டைத் தாண்டி உள்ளே வந்து நின்றார். அணைத்தாள். இப்படி ஒன்பது முறை அணைத்தாள். மணி பத்தாயிற்று.

"லேய், அந்தப் பிள்ளை சொல்லுதாள்ல!" என்று கோட்டுக்கு வெளியே பாயில் அமர்ந்திருந்த பூலுடையார் இரைந்தார். "எல்லாரும் பின்னால போங்கவே! சிரிச்சுச் சிரிச்சு அவளைக் கயிறு இழுக்க வச்சவங்கதான நாமெல்லாம்!"

அதை இவ்வளவு வெளிச்சத்தில் யாரும் அதுவரை சொன்னதில்லை. முதலில் பெண்கள் பின்வாங்கினார்கள், பிறகு ஆண்கள். முப்பிடாதி பத்தாம் முறை கயிற்றை இழுத்தாள்.

இயந்திரம் உறுமிற்று. கால்களை அகட்டி ஊன்றி, உடலைத் திருப்பி, வலமிருந்து இடமாக, அவசரமின்றி, ஒரு வீச்சுக்கு ஓர் எட்டாக அவள் முன்னேறினாள். புல் தடுப்புக்குக் கீழே மடிந்து மடிந்து விழுந்தது, கல் ஒன்றும் இல்லாத தரையில் தகடு ஒலி மாறாமல் பாடிற்று. சங்கு ஊதியது, அந்த இரைச்சலிலும் காதடைப்பைத் தாண்டி அது அவளுக்குக் கேட்டது. கோட்டுக்கு வெளியே ஊர் முழுவதும் குத்தவைத்தது. கல் வரும் நொடி நெருங்கியதும் அவள் இயந்திரத்தை அணைத்துத் தகட்டைத் தரையோரம் தாழ்த்தினாள்; மேற்கே திரும்பினாள்.

நின்ற நிலையில் அவள் கண் கல்லின் வழிக்கு ஐந்தரை அங்குலம் மேலே இருந்தது. ஆகவே முழங்காலை மடக்கினாள். சுவரில் பார்த்துப் பார்த்து மனத்தில் பதிந்திருந்த உயரத்துக்கு, தன் மகளின் உயரத்துக்கு, மெல்ல மெல்லத் தாழ்ந்தாள். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது திடல் பெரிதாக இருந்தது, வீடுகள் உயரமாக இருந்தன, மேற்கிலிருந்து ஒரு கரும்புள்ளி நேராகக் கண்ணைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. எவர்சில்வரைத் துளைத்த கல், இரும்பைத் துளைத்த கல். கண்ணை மூடினால் உயரம் தவறிவிடும் என்பதால் அவள் மூடவில்லை.

'டக்' என்றது.

இடது வில்லையில் நட்சத்திரம்போல ஒரு விரிசல் விழுந்தது. அவ்வளவுதான். வெட்டிய புல்லின்மேல் ஏதோ பொத்தென்று விழும் ஓசையை ஊர் கேட்டது. ஆறு மாதம் எந்த மணியிலும் நிற்காமல் சுற்றிய கல், மற்ற எல்லாக் கற்களையும்போல, கீழே கிடந்தது.

ஊர் ஒரே மூச்சில் எழுந்தது, ஒரே கூச்சலாகக் கோட்டை நோக்கிப் பாய்ந்தது.

"நில்லுங்க!" முப்பிடாதியின் குரல் திடலை அறுத்துக்கொண்டு போயிற்று. "தகடு இன்னும் சுத்துது!"

எந்நாளும் எதற்கும் நில்லாத ஆவுடைப்பேரி நின்றது. சுண்ணாம்புக் கோட்டில் கால்விரல்கள் வரிசையாக முட்டிக்கொண்டு நின்றன. பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பூலுடையார் எழ முடியாமல் பாயிலேயே நகர்ந்து நகர்ந்து கோட்டருகே வந்து நின்றுகொண்டார், அதாவது உட்கார்ந்துகொண்டார். அணைத்த பின்னும் தகடு தன் வேகத்திலேயே சுழன்றது, பிறகு எண்ணக்கூடிய அளவுக்குச் சுழன்றது, பிறகு அதன் பற்கள் ஒவ்வொன்றாகத் தெரியும்படி சுழன்றது, அரைச் சுற்று வந்தது, கால் சுற்று வந்தது, நிற்கலாமா என்று யோசித்தது, நின்றது. ஊர் முழுவதும் வாயைத் திறவாமல் அந்தக் கடைசிக் கால் சுற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முப்பிடாதி தோள்வாரைக் கழற்றி இயந்திரத்தைத் தரையில் கிடத்தினாள். காதடைப்பை எடுத்தாள். கண்ணாடியைக் கடைசியாகக் கழற்றினாள்.

"இப்ப வரலாம்" என்றாள்.

யாருக்கும் முதலில் கால் எழவில்லை. வரிசையின் நடுவிலிருந்து உலகேஸ்வரிதான் கோட்டைத் தாண்டினாள். தோளைச் சுருக்காமல், தலையை எதற்கும் தாழ்த்தாமல், நாலடி மூன்று அங்குலமும் முழுதாக நிமிர்ந்து, வெட்டிய புல்லின்மேல் நடந்து வந்தாள்.